தோற்றவனை என்ன செய்கிறார்கள்?

நண்பர்களே, அரபுக் குழந்தைகளின் மரபு விளையாட்டுகள் என்னென்ன நற்குணங்களைக் கற்றுத்தருகின்றன என்று பேசச் சொன்னீர்கள். ஒற்றுமை, பொறுமை, துணிவு என்று பட்டியல் வாசித்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். எந்த ஊர் விளையாட்டுக்கும் அந்தப் பட்டியல் பொருந்தும். அதனால் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்: தோற்றவனை என்ன செய்கிறார்கள்?

பாலைவனத்துப் பிள்ளைகளின் பழைய ஆட்டம் ‘அழ்ம் வழ்ழாஹ்’. 13ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ழூர் தொகுத்த அகராதியிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. வெள்ளை எலும்பு ஒன்றை இருட்டில் வீசிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் தேடி ஓடுவார்கள். கண்டெடுத்த அணி, மற்ற அணியின் முதுகில் ஏறி, எலும்பு கிடந்த இடத்திலிருந்து எறிந்த இடம்வரை சவாரி வரும். அடுத்த வீச்சில் குதிரைகள் மாறலாம்!

‘தாக் தாக் தாகிய்யா’வை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ‘குலை குலையா முந்திரிக்கா’தான், துண்டுக்குப் பதில் தொப்பி. இடத்தைப் பறிகொடுத்தவனை யாரும் வெளியே அனுப்புவதில்லை. தொப்பியோடு அடுத்த சுற்றைத் தொடங்குபவனே அவன்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈராக்கின் ‘முஹைபிஸ்’. ‘குட்டி மோதிரம்’ என்று பொருள். சிறுவர்களும் ஆடுவார்கள், நரைத்த தலைகளும் ஆடும். ரமலான் இரவில், நோன்பு திறந்த பிறகு, இரண்டு தெருக்காரர்கள் எதிரெதிரே வரிசையாக உட்காருவார்கள். ஓர் அணித் தலைவர் போர்வை மறைவில் தம் ஆட்களில் ஒருவன் கைக்குள் மோதிரத்தைத் திணித்துவிடுவார். எதிரணித் தலைவர் எழுந்து வந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். ஒருவன் எச்சில் விழுங்குகிறான். இன்னொருவன் வேண்டுமென்றே சிரிக்கிறான். இல்லை என்று தோன்றும் கைகளைத் திறக்கச் சொல்லி விலக்கிக்கொண்டே போவார். சில நேரம் நூறு பேருக்கு நடுவே ஒரு மோதிரம்! அத்தனை பேரும் கமுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சின்னப் பையனின் கண் தாழ்ந்தால் போயிற்று.

பாக்தாதில் டைக்ரிஸ் ஆற்றின் இரு கரைகளில் இருப்பவை காளிமிய்யாவும் அஃளமிய்யாவும். இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகளில், முன்னது ஷியாக்கள் மிகுந்த பகுதி, பின்னது சுன்னிகள் மிகுந்தது. இந்த இரண்டு பகுதிக்காரர்களும் மோதிரம் தேடி மோதியிருக்கிறார்கள். 2003இல் அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு, குண்டுகளுக்கு அஞ்சி இரவு ஆட்டங்கள் நின்றுபோன ஆண்டுகள் உண்டு. ஊர் சற்று அடங்கியதும் போர்வையும் மோதிரமும் திரும்பி வந்தன.

சரி, தோற்ற அணி? கடைக்குப் போகும். பக்லாவாவும், நம் ஜிலேபிக்கு உறவான ஸலாபியாவும் வாங்கிவரும். தட்டு நடுவில் வைக்கப்படும். இரண்டு அணியும் அதைச் சுற்றி உட்காரும்.