தேயிலைப் பெட்டியில் சிரிப்பவளின் முகவரி

(பண்டாரவளையில் வாசகர் வட்டமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர் தம்பி அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய கோயில் பரிபாலன சபையாரே, பிரதேச சபை உறுப்பினர்களே, அதிபர்களே, ஆசிரியர்களே, தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத் தலைவிமாரே, பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

கல்விப் பணிப்பாளர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. நான் முதல் நியமனம் பெற்ற பாடசாலைக்கு அவர் மேற்பார்வைக்கு வந்தபோது எனக்கு 23 வயது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள், நடுவே தட்டிகூட இல்லை. ஐயா பின்வாங்கில் உட்கார்ந்து நான் படிப்பித்த பூகோளப் பாடத்தை முழுவதும் கேட்டார். போகும்போது, "தம்பி, பிள்ளைகளுக்கு உலகப் படம் காட்டுகிறீர், நல்லது, இந்தத் தோட்டம் அதில் எங்கே இருக்கிறது என்றும் காட்டும்" என்றார். இன்று நான் பேசப் போவதற்கெல்லாம் விதை அன்றைக்கு அவர் போட்டதுதான். அடை மழையிலும் வந்து குத்துவிளக்கேற்றிய அம்மா அவர்களுக்கும், மேடை அலங்கரித்த உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் என் நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு 'ஊடகம் காட்டும் மலையகமும் வந்தவர் காணும் மலையகமும்'. இதை மூன்றாகப் பிரித்துக் குறித்து வந்திருக்கிறேன். மலையகத்தைப் பற்றி உலகத்தின் கண்ணில் இருக்கிற படம் எப்படி உண்டானது என்பது முதலாவது. வந்து பார்த்தவர்கள் அந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது இரண்டாவது. இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் நம் ஊரை எப்படிப் பார்க்கிறோம் என்பது மூன்றாவது.

என் பாட்டி வாய்க்கு வாய் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. தேயிலைச் செடியை வெட்டிக் கத்தரிக்கும் கவ்வாத்து மலையில் முள்ளும் குச்சியும் காலைக் கிழித்து வீடு வந்தவள் அவள். அவள் சொல்லும்போது அது வெறும் பழமொழியாக இருக்காது.

கிளேர் கன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1972இல் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். ஓர் ஊரைப் பற்றிய விம்பம் நம் மனத்தில் இரண்டு வழியால் விழுகிறது. பாடப்புத்தகம், பத்திரிகை, போய்வந்த உறவுக்காரர் சொல்லும் கதை, இவற்றால் தானாக விழுவது ஒன்று. விற்பதற்கென்றே விளம்பரக்காரர் வரைந்து தருவது மற்றது. நம் மலையைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது என்பது என் கருத்து. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதுவரை மலையில் விளைந்த கோப்பி நோயில் அழிய, மலை முழுவதும் தேயிலையானது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். அவர் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலை இங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 'தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு' என்று அவர் செய்த விளம்பரம் உலகம் சுற்றியது. தேயிலைப் பெட்டிகளிலும் தபால் அட்டைகளிலும் கூடை சுமந்த நம் பெண்ணின் படம் அச்சானது. லண்டனில் ஒரு குழந்தை காலைச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்தது. அந்தக் குழந்தைக்கு அது விளம்பரம் என்று தெரியுமா? இலங்கை என்றால் அப்படித்தான் என்று அதன் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள். மழை பெய்வதில்லை. இடுப்பில் மழைக்குச் சுற்றும் படங்கு இல்லை, காலில் அட்டை இல்லை. பெயரும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் போய்வருகிற ஒரு பெண்ணுக்குப் பெயர் இல்லை!

இன்றைக்குப் பெட்டியின் இடத்தை கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். அதன்மேல் நீல ரயில். ரயில் கதவில் தொங்கும் ஒரு பெண்பிள்ளை. இந்த ஒரு படத்தை எத்தனை ஆயிரம் பேர் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்! தொங்கி விழுந்து உயிர் போனவர்களும் உண்டு. ஆனாலும் படம் நிற்கவில்லை.

செய்தியின் பலம் விளம்பரத்தின் பலத்தைவிடப் பெரிது. கார்ட்னர் என்ற அறிஞர் 1993இல் எழுதியதும் இதுதான்: ஓர் ஊரின் விம்பத்தைக் குறுகிய காலத்தில் புரட்டிப்போட வல்லது செய்தி. நாம் அதைக் கண்ணால் கண்டோம். 2019ஆம் ஆண்டில் உலகத்தில் முதலாவதாகப் போகவேண்டிய நாடு இலங்கை என்று லோன்லி பிளனட் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு. மலையகத்தில் ஒரு குண்டும் இல்லை. ஆனால் இங்கே அறைகள் காலியாகின. முந்திய ஆண்டு மே மாதத்தில் நாட்டுக்கு வந்தவர்கள் 1 இலட்சத்து 29 ஆயிரம் பேர். குண்டு வெடித்த ஆண்டின் மே மாதத்தில் 38 ஆயிரத்துக்கும் குறைவு. என் மகன் எல்லவில் வான் ஓட்டுகிறான். லீசிங் தவணை கட்ட அவன் பட்ட பாட்டை வீட்டில் இருந்து பார்த்தவன் நான்.

அவன் வானில் ஏறுகிறவர்கள் சொல்வதைத்தான் இரண்டாவது கூறாகச் சொல்ல வந்தேன். வெள்ளைக்காரர் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இந்தப் பச்சைக் கம்பளம் இயற்கையா?" என்பது. இதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். தேயிலையை அப்படியே விட்டால் முப்பது அடி மரமாகிவிடும். மேசைபோல் மட்டமாக நிற்பது, சில வருடங்களுக்கொரு தடவை கவ்வாத்து வெட்டுவதாலும், ஏழெட்டு நாளுக்கொரு தடவை கை வைத்துக் கொழுந்து எடுப்பதாலும், மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு பிடித்த அந்தக் கைகளாலும்தான். அவர்கள் படம் எடுக்கிற அழகு முழுவதும் கைவேலை. நம் கைவேலை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் படம் வேறு. இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணம், யுத்தம், அகதி முகாம். போன சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன் பேசுவதைக் கேட்டு அந்த அம்மா, "நீங்க நம்ம திருச்சிப் பக்கமா தம்பி? எப்ப இங்க வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டாராம். "இருநூறு வருசமாச்சும்மா" என்றிருக்கிறான் இவன். அந்த அம்மா அழுதுவிட்டாராம். அங்கிருந்து தோட்ட வேலைக்குப் புறப்பட்டு மன்னாரில் இறங்கி, காடு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்த நம் முன்னோரைப் பற்றி அங்கே எந்தப் பத்திரிகையும் அவருக்குச் சொல்லவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் அதே வழியில் நடந்தார்களே, அதுகூட எட்டவில்லை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்றால், தூரத்துச் சொந்தம் கண்ணுக்கே தெரிவதில்லை போலும்.

இப்போது என் சின்னம்மாவின் கதைக்கு வருகிறேன். இங்கே சிலர் முன்பே கேட்டிருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்காத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் நடந்தது. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னம்மா கொழுந்து எடுத்தார். ஒரு பிற்பகல் திடீரென்று மழை. ஜெர்மன் நாட்டு வயதான அம்மா ஒருவர் நனைந்தபடி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஓடிவந்தார். சின்னம்மா தன் போத்தலில் இருந்த சாயத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சக்கரை. அந்த அம்மா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம். தூள்மட்டத் தேயிலை அல்லவா? அவர் ஊரில் குடிப்பது நாம் அனுப்புகிற முதல் தரம். பிறகு கமராவை எடுத்து ஒரு படம் பிடித்தார். கொப்பியை நீட்டி, "அட்ரஸ்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என் சின்னம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார்: மேல் டிவிசன், பத்தாம் நம்பர் லயம் (வரிசை வீடு), காளியம்மன் கோயிலுக்குக் கீழே, பலாமரத்துக்குப் பக்கத்துக் காம்பரா (அறை). அந்த அம்மா காதில் விழுந்ததைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

ஆறேழு மாதம் போய்விட்டது. ஆடிப்பூசை வந்தது. சின்னம்மா பொங்கல் பானையோடு டவுன் காளியம்மன் கோயிலுக்குப் போனார். தீபாராதனை காட்டுகிறார்கள். கைகூப்பி நிமிர்ந்து பார்க்கிறார். அம்மன் படத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவும் சாத்தி, தன்னுடைய படம்! கையில் இருந்த பானையை அப்படியே இறக்கிவிட்டாராம். பக்கத்தில் நின்றவர்களும் பார்க்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், சின்னம்மாவைப் பார்க்கிறார்கள். ஒரு கிழவி, "ஆத்தா வந்திருக்கா" என்று குலவையே போட்டுவிட்டாள்.

பூசாரியைக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் கோயிலுக்கு வந்ததாம். உறையில் தபால்காரருக்கு விளங்கியது காளியம்மன் கோயில், ஹப்புத்தளை என்ற இரண்டு சொல்தான். உள்ளே இங்கிலீசில் ஒரு தாள், ஒரு பெண்ணின் படம். யாரோ வெளிநாட்டுப் பக்தர் நேர்த்தி வைத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, அந்த நல்ல மனிதர் படத்தை அம்மன் பக்கத்தில் வைத்துத் தினமும் பூசை செய்திருக்கிறார்.

தாளை நான்தான் வாசித்துச் சொன்னேன். அதில் இருந்ததன் சாரம் இது. அவர் வீட்டில் ஒரு பழைய தேயிலை டின் இருக்கிறதாம். அதிலும் கூடை சுமந்த ஒரு பெண். ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். அவர் எழுதியிருந்தார்: "டின்னில் இருக்கிறவளுக்கு நெற்றிக்கு மேலே கூடைக் கயிற்றின் தழும்பு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அதை நேரில் பார்த்தும் நான் கவனிக்கவில்லை, படத்தில்தான் கண்டேன். பேரப்பிள்ளைகள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தயவுசெய்து உங்கள் சரியான முகவரியை எழுதுங்கள்."

ஐயாமாரே, அம்மாமாரே, நாட்டுக்கு வருகிறவர் மனத்தில் இருக்கும் படம் எப்படித் திருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நான் பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தின் வலது மேல் மூலையில் அனுப்புநர் முகவரி எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு அப்படித்தான் படிப்பித்தேன். என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் என் பாடசாலை முகவரியைப் போட்டேன். சின்னம்மா செத்துப்போனது வரை அவருக்குச் சொந்தமாக ஒரு முகவரி கிடைக்கவில்லை.

மூன்றாவது கூறைப் பற்றிப் பேச நேரம் போதாது. முகவரியைப் பற்றி நான் பேசியே ஆகவேண்டும். இந்த மண்டபத்தில் இருக்கிற உங்களில் எத்தனை பேருக்கு லயத்தில் கதவிலக்கம் இருக்கிறது? வீதிக்குப் பெயர் இருக்கிறது? 10க்கு 12 அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தும், தபால் வந்து விழுவது தோட்டத்துக் கந்தோரில். அங்கிருந்து யார் கையில், எந்தக் கிழமையில் வருமோ? என் மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நான்காம் நாள் கிடைத்தது. உறையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் அவள் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்சை அழைத்தால் முதல் கேள்வி, எங்கே இருக்கிறீர்கள்? பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணின் புருசன் பலாமரத்தையா அடையாளம் சொல்வான்?

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. உலகத்துக் கமராக்கள் எல்லாம் வந்தன. முதல் நாள் செய்திகளில் காணாமற்போனோர் 100 என்றும் வந்தது, 300 என்றும் வந்தது. பின்னர் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார் என்று உடனே எடுத்துக் காட்ட ஒரு கதவிலக்கப் பதிவு இருந்திருந்தால், அந்தத் தாய்மார் அத்தனை நாள் அப்படித் தவித்திருப்பார்களா?

கைத்தொலைபேசி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீர்வீழ்ச்சி இருக்கிறது. காட்சிமுனை இருக்கிறது. பாலத்தடியில் இளநீர்க் கடைகூட இருக்கிறது. அந்தக் கடைக்கு மேலே அறுபது குடும்பம் இருக்கிற லயம் இல்லை; வெறும் பச்சை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பாட்டி சொன்னது இந்தப் பச்சையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்கள் புதிய விளம்பரம் எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. எடுக்கிற படத்தில் இருக்கிற பெண்ணின் பெயரைப் போடட்டும். அதற்கு முன்னால் அவள் கதவில் ஓர் இலக்கம் ஏறட்டும்.

காணியுறுதி இல்லாமல் முகவரி எப்படி என்று கேட்கிறார்கள். காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, சரி. காணிப் போராட்டம் அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் கதவில் இலக்கம் அடிக்கவும், வீதிக்குப் பலகை நடவும், வீட்டுக்கு வீடு தபால் கொடுக்கவும் உறுதிப்பத்திரம் வேண்டியதில்லை. பிரதேச சபை உறுப்பினர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு டிவிசனுக்காவது இதைத் தொடங்கித் தாருங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மனுவோடு இருக்கிறார்கள். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி ஒப்பமிடுங்கள். ஒப்பமிடத் தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைக்கலாம், மை இருக்கிறது. முகவரி என்ற கட்டத்தை வெறுமையாக விடவேண்டாம். லயத்து இலக்கம், காம்பரா, கோயில், பலாமரம், எது உண்டோ அதை அப்படியே எழுதுங்கள். மழை விட்டிருக்கிறது, தூரத்துத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் முதலில் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.