இருட்டில் கிளம்பும் வேன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குறும்படம் எடுக்க ஆசைப்படும் மாணவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இருக்கிற இரண்டு மூன்று வாரங்கள், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். படம் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் படிவம் நான்கு மாணவர்கள் ஒன்பது பேரோடு பத்து நிமிடப் படம் ஒன்றுக்குத் திட்டம் போட்டோம். "நம்ம தோட்டத்தப் பத்தி எடுக்கலாம் சார்" என்றார்கள். சரி, கதை அப்புறம் எழுதலாம், முதலில் அந்தப் படத்துக்கு ஆளுக்கு ஒரு போஸ்டர் வரைந்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

வந்ததைச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். ஆறு போஸ்டரில் பால்மரம், அதாவது ரப்பர் மரம். அதில் நான்கில் நெற்றி விளக்கோடு பால் வெட்டும் பெண். மற்றதில் சுருக்கம் விழுந்த பாட்டி முகம், கண்ணில் நீர். பால் வெட்டுவதை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கைகூட எழவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. பால்மரம் அவர்கள் பாட்டி காலத்து மரம். அவர்கள் வரைந்த தோட்டம் வேறு யாரோ எடுத்த படங்களிலிருந்து வந்த தோட்டம். பாட்டிகளின் வியர்வையை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லும் உரிமை இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்த வாரம் தமிழ், மலாய், சீனப் படங்களின் போஸ்டர்களைக் கொண்டு வரச் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாள் போதும். முதலில் முகங்களைத் தாளால் மறைத்துவிட்டுப் பாருங்கள். என்ன மிஞ்சுகிறது? சிலவற்றில் ஒன்றுமே மிஞ்சாது, நடிகரை நம்பி மட்டும் செய்த போஸ்டர் அது. உங்களிடம் நட்சத்திரம் இல்லையே, அந்த வழி உங்களுக்கு உதவாது. அப்புறம் தலைப்பை மறையுங்கள். இது எந்த ஊர், என்ன நேரம், யார் யாரைத் தேடுகிறார் என்று படம் மட்டும் சொல்கிறதா? கடைசியாக, கைத்தொலைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தியேட்டர் வாசலில் 27 அங்குல அகலம், 40 அங்குல உயரம் என்று ஒட்டுகிற போஸ்டருக்கு நுணுக்கமெல்லாம் தாங்கும். மாணவர் படத்தின் போஸ்டரை எல்லாரும் தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். ஒரு பெண், முதுகைக் காட்டி நிற்கும் ஆள் இருந்த போஸ்டரைக் காட்டி, "மொகம் தெரியலல்ல சார், அதான் யாருன்னு கேக்கத் தோணுது" என்றாள். அன்றைய பாடம் முழுவதையும் அவளே சொல்லிவிட்டாள்.

அப்புறம் இடம் பார்க்கக் கிளம்பினோம். கேமரா வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும். ஒரே இடத்துக்கு மூன்று வேளை போக வேண்டும். போனதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வையுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை போகிறது, ஆலைச் சத்தம் எட்டுகிறதா என்றெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீட்டில் வசனம் வைத்திருந்தால், மத்தியான மழையில் ஒரு சொல்லும் பதிவாகாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் அந்த மழை அடிக்கடி வரும்.

கூடவே வயதானவர் ஒருவரை அழைத்துப் போங்கள். எங்களோடு ஒரு மாணவனின் தாத்தா வந்தார். செம்பனைக்கு நடுவே நாலு மாமரம், ஒரு பலா, எல்லாம் வரிசை பிடித்து நின்றன. நாங்கள் கடந்து போய்விட்டோம், அவர் நின்றுவிட்டார். "இதுதான் எங்க லயம். அந்தப் பலா எங்க வாசல்ல நின்னது" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வீடு போனாலும் வாசல் மரம் அந்த வரிசையை விடவில்லை. பிள்ளைகள் ஓடிப் போய் மரங்களுக்கு இடையே அடி வைத்து அளந்தார்கள்.

கதை கிடைத்தது அதிகாலையில். ஆறரை மணிக்குத் தோட்டச் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தோம், நல்ல இருட்டு. உள்விளக்கு எரிய ஒரு பள்ளி வேன் போனது. கண்ணாடியில் தலை சாய்த்துச் சின்னப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபோய்விட்டன, தமிழ்ப்பள்ளி தோட்டத்திலேயே நிற்கிறது. அதனால் பிள்ளைகள் தினமும் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறார்கள். ஒன்பது பேரும் சிறுவயதில் அப்படி வேனில் வந்தவர்கள். ஆனாலும் அது படமாகும் என்று யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

அந்த இருட்டுக்கு ஒரு காரணம் உண்டு. 1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் பேராவில் சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிறது, ஜனவரிக் கடைசியில் ஏழரைகூட ஆகும். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் விடியலும் அவசரமாக வரும். நல்ல நீல வெளிச்சம் இருபது நிமிடம் நின்றால் பெரிது. ஒரே காலையில் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று போட்டிருந்த திட்டத்தை நான்கு காலையாக மாற்றினோம். பள்ளி விடுமுறையில் வேன் ஓடாது என்பதால் தேதியையும் மாற்ற வேண்டியிருந்தது.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டம் தனியார் நிலம். ஒரு தோட்டத்தில் வாய்ச்சொல்லை நம்பிப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோம். எழுத்தில் வாங்குங்கள். லயங்களில் இப்போது இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், அது அவர்கள் வீடு. குலை வெட்டும் மரத்தடியில் நிற்கவே கூடாது. ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும், மட்டையும் சேர்ந்து விழும்.

திரும்பி வந்து மறுபடி போஸ்டர் வரைந்தோம். இந்த முறை ஒன்றே ஒன்று, ஒன்பது பேரும் சேர்ந்து. தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் வேனின் மஞ்சள் சன்னல், அதில் சாய்ந்த ஒரு சின்னத் தலை, முகம் தெரியாது. நகம் அளவுக்குச் சுருக்கினாலும் அந்தச் சன்னல் தெரிகிறது. வேன் ஓட்டும் அண்ணனிடம் காட்டினோம். உள்விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டுகிறேன் என்றார். "புள்ளைங்கள மட்டும் எழுப்பிறாதீங்க" என்றும் சொன்னார். அதனால் அந்தக் காட்சியில் வசனம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.