மூன்று முறை மிடில்ஸ்பரோவுக்கு: ஜூனின்ஹோவின் அயல்நாட்டு ஆட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிரேசில் கால்பந்து வீரர்களைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் உலகக் கோப்பையில் தொடங்கி உலகக் கோப்பையிலேயே முடிந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு மாதத்தில் நாம் காணும் ஆட்டக்காரர், மீதி நாள்களில் எந்த ஊரில், எந்தக் குளிரில், யாருக்காக ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஒரு வீரரின் உண்மையான உழைப்பு அந்த மீதி நாள்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குச் சான்றாக இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஜூனின்ஹோ பவுலிஸ்டா. 1973 பிப்ரவரியில் சாவ் பாவ்லோவில் பிறந்தவர். ஒஸ்வால்டோ ஜிரோல்டோ ஜூனியர் என்பது முழுப் பெயர். 2002இல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியில் இருந்தவர். ஆயினும் அவர் ஆட்டத்தின் உச்சம் அந்தக் கோப்பை அல்ல என்றும், அவருடைய கிளப் இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்று, கீழ்ப்பிரிவுக்கும் இறங்கிய 1996-97 பருவமே அது என்றும் நான் கருதுகிறேன். அதை விளக்கவே இங்கு வந்திருக்கிறேன்.

முதலில் அவர் ஆடிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாக்கும் நடுக்கள வீரர் என்பவர் எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையில் உள்ள வெளியில் இயங்குபவர். பந்தை அங்கே வாங்கித் திரும்பிவிட்டால், தடுப்பாளர் முன்னேறி வந்து மறிப்பதா, பின்வாங்கிக் கோலைக் காப்பதா என்று ஒரு கணம் தடுமாறுவார்; அந்த ஒரு கணம்தான் இவருடைய முதலீடு. தொண்ணூறுகளின் நடுவில் இங்கிலாந்து அணிகள் பெரும்பாலும் நான்கு தடுப்பாளர், நான்கு நடுக்களத்தார், இரண்டு முன்களத்தார் என்று நேர்வரிசையாக நின்று ஆடின. அந்த இரு வரிசைகளுக்கு நடுவே எவரும் நிலையாக நிற்பதில்லை. ஐந்தரை அடி உயரம்கூட இல்லாத, ஒடிசலான உடம்புடைய ஒருவர் அந்தக் கரடுமுரடான லீக்கில் நிலைத்து ஆட முடிந்ததற்கு அந்த வெற்றிடம் ஒரு காரணம். பந்தைக் காலோடு ஒட்டியபடி வேகமாக ஓடி, ஓட்டம் தளராமலே திசை மாற்றும் அவருடைய திறமை இன்னொரு காரணம்.

அவருடைய தொடக்கம் சாவ் பாவ்லோ மாநிலத்தின் உள்பகுதியில் உள்ள இட்டு என்ற ஊரின் இட்டுவானோ கிளப்பில். 1993இல் சாவ் பாவ்லோ கிளப்புக்கு வந்தபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் டெலே சந்தானா, அழகிய ஆட்டத்தின் மீது விடாப்பிடியான நம்பிக்கை கொண்டவர். அந்த ஆண்டே தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பா லிபர்ட்டடோரஸ் கோப்பையும், டோக்கியோவில் இத்தாலியின் மிலானை 3-2 என்று வென்ற கண்டங்களுக்கிடையேயான கோப்பையும் அந்த அணிக்குக் கிடைத்தன. 1995 ஜூனில் வெம்ப்ளி மைதானத்தில் பிரேசில் 3-1 என்று இங்கிலாந்தை வென்றபோது, முதலில் பின்தங்கியிருந்த பிரேசிலைச் சமநிலைக்குக் கொண்டுவந்த ஃப்ரீ கிக் ஜூனின்ஹோவுடையது. அந்த உதையைப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் பிரையன் ராப்சன்; அப்போது மிடில்ஸ்பரோவின் மேலாளர்.

மிடில்ஸ்பரோ எத்தகைய ஊர் என்பதை அறியாமல் இந்தக் கதை விளங்காது. இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையில் இரும்பாலும் எஃகாலும் எழுந்த தொழில் நகரம் அது. சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய டோர்மன் லாங் நிறுவனம் அவ்வூரைச் சேர்ந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தொழில்கள் நலியத் தொடங்கியபோது ஊரும் நலிந்தது. 1986இல் கால்பந்துக் கிளப்பே கடனில் மூழ்கி, மைதானத்தின் வாயிற்கதவுகள் பூட்டப்பட்ட நிலைக்குப் போனது. அதை மீட்டவர்களில் ஒருவரான ஸ்டீவ் கிப்சன் பின்னர் தலைவரானார். 1995இல் அணி மீண்டும் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. ஆற்றங்கரையில் ரிவர்சைடு என்ற புதிய மைதானம் திறந்தது. 1876இல் தொடங்கப்பட்டும் அதுவரை பெரிய கோப்பை எதையும் வெல்லாத அந்தக் கிளப், உலகச் சாம்பியனான பிரேசில் அணியின் வீரர் ஒருவரை 1995 அக்டோபரில் 47.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வரவேற்க மைதானத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பிரேசில் கொடிகள் அசைந்தன. பெற்றோரையும் சகோதரியையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறினார் ஜூனின்ஹோ. இதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. அதே கிளப்புக்கு வந்த வேறு பிரேசில் வீரர்களில் பிராங்கோ விரைவிலேயே கிளம்பிவிட்டார். எமர்சன் ஊரோடு ஒட்டமுடியாமல் தவித்தார். ஜூனின்ஹோவுக்கு வீட்டுக்குள் ஒரு பிரேசில் இருந்ததால் வெளியே இருந்த மழையும் குளிரும் பொறுத்துக்கொள்ளக் கூடியவையாக இருந்தன என்றே நினைக்கிறேன்.

நவம்பரில் லீட்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, ஜூனின்ஹோ தடுப்பாளர்களின் நடுவே அனுப்பிய பந்தை ஜான் ஆகே ஃபியோர்டோஃப்ட் கோலாக்கினார். இருந்தும் அந்த முதல் பருவத்தில் அவருக்கு முன்னால் நின்று பந்தை வாங்கி முடிப்பதற்கு ஏற்ற ஆள் இல்லை. அந்தக் குறை அடுத்த கோடையில் நீங்கியது. இத்தாலியின் ஜுவென்டஸிலிருந்து ஃபாப்ரிசியோ ரவனெல்லி வந்தார். லிவர்பூலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார். கோல் அடிக்க ஆள் கிடைத்துவிட்டது. கோலைத் தடுக்க ஆள் கிடைக்கவில்லை. இதுதான் அந்தப் பருவத்தின் துயரம் முழுவதற்கும் வேர்.

1996 டிசம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் நோயாலும் காயத்தாலும் ஆட இயலாத நிலையில் இருப்பதாகச் சொல்லி, பிளாக்பர்ன் அணியுடனான ஆட்டத்துக்கு மிடில்ஸ்பரோ செல்லவில்லை. லீக் நிர்வாகம் மூன்று புள்ளிகளைப் பறித்தது. அன்று அது ஒரு நிர்வாகச் செய்தியாகத்தான் இருந்தது. அதன் கனம் மே மாதத்தில்தான் தெரிந்தது.

புள்ளிகள் பறிபோன பிறகு ஜூனின்ஹோ ஆடிய ஆட்டத்தைத்தான் நான் உச்சம் என்கிறேன். மார்ச் மாதத்தில் லெஸ்டர் அணியை அதன் சொந்த மைதானத்தில் மிடில்ஸ்பரோ 3-1 என்று வென்றபோது, ஜூனின்ஹோவை நிறுத்த அந்த அணியில் யாராலும் முடியவில்லை. அதே லெஸ்டருடன் மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 6 அன்று, வெம்ப்ளியில், லீக் ஆட்டங்களுக்கு வெளியே தனியாக நடக்கும் லீக் கோப்பையின் இறுதிப் போட்டி. லெஸ்டரின் மேலாளர் மார்ட்டின் ஓ'நீல் மிகத் தெளிவான ஒரு முடிவெடுத்தார். பொன்டஸ் கோமார்க் என்ற சுவீடன் நாட்டுத் தடுப்பாளருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்: ஜூனின்ஹோ போகும் இடமெல்லாம் போவது. பந்து எங்கே இருந்தாலும் கோமார்க்கின் கண் அவர் மீதுதான். ஜூனின்ஹோ பந்தைத் தேடிப் பின்னால் இறங்கினால் கோமார்க்கும் இறங்கினார். ஓரத்துக்கு ஒதுங்கினால் அவரும் ஒதுங்கினார். வாங்கிய பந்தோடு திரும்புவதற்குள் முதுகில் ஓர் உடல் மோதியது. கூடுதல் நேரத்தில் ரவனெல்லியின் கோலால் மிடில்ஸ்பரோ முந்தியது. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது எமில் ஹெஸ்கி சமன்செய்தார். பத்து நாள் கழித்து ஹில்ஸ்பரோவில் நடந்த மறு ஆட்டத்தில், மீண்டும் கூடுதல் நேரத்தில், ஸ்டீவ் கிளாரிட்ஜ் அடித்த ஒரே கோலால் கோப்பை லெஸ்டருக்குப் போனது. ஓர் அணி தன் பதினொருவரில் ஒருவரை முழுக்க முழுக்க ஒரே எதிராளிக்காக ஒதுக்கியது என்றால், அந்த எதிராளிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எதுவும் இல்லை. ஆனால் பாராட்டு கோப்பையாகாது.

பறிபோன புள்ளிகளை மீட்கும் போராட்டம் ஒருபுறம், இரண்டு கோப்பைப் போட்டிகளும் அவற்றின் மறு ஆட்டங்களும் மறுபுறம் என்று, ஏப்ரலும் மே மாதமும் ஓய்வே இல்லாத ஓட்டமாகிவிட்டன. மே 5 அன்று ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு 3-3 என்று முடிந்த ஆட்டத்தில் முதல் கோல் ஜூனின்ஹோவுடையது. மே 11 அன்று லீட்ஸ் மைதானத்தில் கடைசி லீக் ஆட்டம்; கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்க வென்றாக வேண்டும். பின்தங்கியிருந்த அணியை, ஆட்டம் முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கையில், அவரே ஒரு கோலடித்துச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். இன்னொரு கோல் வரவேயில்லை. ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டதும் புல்வெளியில் அமர்ந்து, முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். மிடில்ஸ்பரோவின் புள்ளிகள் 39. தப்பித்துக்கொண்ட கோவென்ட்ரியின் புள்ளிகள் 41. டிசம்பரில் பறிக்கப்பட்ட மூன்றும் இருந்திருந்தால் கணக்கு 42 ஆகியிருக்கும். ஆறு நாள் கழித்து, இன்னொரு தனிக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டியில் செல்சியின் ராபர்ட்டோ டி மத்தேயோ 43ஆவது விநாடியில் கோலடித்தார். 2-0 என்று அதுவும் போயிற்று. கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அணியின் வீரராக இருந்தும், அந்தப் பருவத்தின் சிறந்த வீரராக ஜூனின்ஹோவைப் பிரீமியர் லீக் தேர்ந்தெடுத்தது. கால்பந்துச் செய்தியாளர்கள் சங்கத்தின் விருதில் ஜியான்ஃபிராங்கோ சோலாவுக்கு அடுத்த இடம் பெற்றார்.

பெரிய கிளப்பில் ஆடியிருந்தால் அவர் இன்னும் பெரிதாகியிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அணி முழுவதும் ஒருவரை நம்பி, ஒவ்வொரு பந்தையும் அவரிடமே சேர்த்த ஓர் இடத்தில்தான் அவருடைய ஆட்டம் அந்த அளவுக்கு விரிந்தது. அடுத்து நடந்ததும் அதையே காட்டுகிறது.

1998 உலகக் கோப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பிரிவில் ஆடிக்கொண்டு பிரேசில் அணியில் இடம் கேட்க முடியாது என்ற நிலையில், ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் அவரை ஏறத்தாழ 1.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஆனால் 1998 பிப்ரவரி முதல் நாளில் செல்டா வீகோவுடன் நடந்த ஆட்டத்தில், மிச்செல் சல்காடோ பின்னாலிருந்து சறுக்கி வந்து பாய்ந்ததில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் தசைநார்களும் கிழிந்தன. எந்த உலகக் கோப்பைக்காக மிடில்ஸ்பரோவை விட்டு வந்தாரோ, அந்த உலகக் கோப்பை இல்லாமல் போனது. விரைவோட்டத்தில் திடீரெனத் திசை திருப்பும் ஆட்டக்காரருக்குக் கணுக்கால்தான் எல்லாம். அதன் பிறகு அவர் நல்ல ஆட்டக்காரராகவே இருந்தார். ஆனால் 1997 வசந்தத்தின் அந்த வெடிப்பு முழுமையாகத் திரும்பவில்லை என்பதே என் கணிப்பு.

1999இல், அட்லெட்டிகோவின் வீரராக இருந்தபடியே, கடனாக மிடில்ஸ்பரோவுக்கு இரண்டாம் முறை வந்து ஒரு பருவம் ஆடினார். அடுத்துப் பிரேசிலில் வாஸ்கோ ட காமா. அந்த அணியில் இன்னொரு ஜூனின்ஹோ, பெர்னாம்புகோ மாநிலத்தவர், இருந்ததால் இவர் பெயரோடு, சாவ் பாவ்லோ மாநிலத்தவர் என்று பொருள்படும் பவுலிஸ்டா என்பது நிலைபெற்றது. 2000 டிசம்பரில், தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான மெர்கோசூர் கோப்பை இறுதியில் பால்மெய்ராஸ் மைதானத்தில் முதல் பாதி முடிவில் 0-3 என்று பின்தங்கிய வாஸ்கோ, 4-3 என்று வென்ற ஆட்டத்தைப் பிரேசிலியர்கள் இன்றும் பேசுகிறார்கள். மூன்று கோல் ரொமாரியோவுடையவை. ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்த மூன்றாவது கோல் ஜூனின்ஹோவுடையது.

2002 உலகக் கோப்பையில் பிரேசிலின் பயிற்சியாளர் ஸ்கோலாரி அவரை முதல் நான்கு ஆட்டங்களிலும் தொடக்க அணியில் வைத்தார். ஆனால் ரிவால்டோ, ரொனால்டினோ ஆகியோருக்குப் பின்னால் ஒரு தாக்கும் வீரரைவிடப் பந்தைப் பறிப்பவரே தேவை என்று முடிவெடுத்து, காலிறுதியிலிருந்து கிளெபர்சனைக் கொண்டுவந்தார். இறுதிப் போட்டியில் ஜூனின்ஹோ களமிறங்கியபோது 85 நிமிடங்கள் கழிந்திருந்தன. ஸ்கோலாரியின் முடிவு சரியானதே. அது இவரைக் குறைப்பதும் இல்லை. அவருக்கு ஏற்ற வெளியில் வேறு இருவர் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவே.

உலகச் சாம்பியன் பதக்கத்தோடு அதே கோடையில் மூன்றாம் முறையாக மிடில்ஸ்பரோவுக்குத் திரும்பினார். வந்ததுமே, பருவம் தொடங்குமுன் நடந்த நட்பு ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து, பல மாதங்கள் வெளியில் இருக்க நேர்ந்தது. ஆனாலும் 2004 பிப்ரவரியில், 30 வயது கடந்து, ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை 3-2 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அதே மாதம் 29ஆம் நாள் கார்டிஃபில் லீக் கோப்பை இறுதி, எதிரணி போல்டன். ஏழே நிமிடத்துக்குள் ஜோசஃப் டிசிரே ஜோபும், பெனால்டியில் போலோ செண்டனும் கோலடிக்க, 2-1 என்று மிடில்ஸ்பரோ வென்றது. 128 ஆண்டுகளில் அந்தக் கிளப்பின் முதல் பெரிய கோப்பை அது. 1997இல் இதே கோப்பையைக் கைநழுவவிட்ட அணியின் வீரர், அதைப் பெறும்போதும் அணியில் இருந்தார்.

அந்தக் கோடையில் அவர் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்குப் போனார். அங்கே மேலாளராக இருந்தவர் மார்ட்டின் ஓ'நீல். கோமார்க்கை ஏவி அவரை முடக்கிய அதே மனிதர். எதிரியாக இருந்தபோது அவரை அத்தனை துல்லியமாகப் படித்த ஓ'நீல், தன் அணியில் அவருக்கு ஓர் இடத்தை உண்டாக்கவில்லை. சில மாதங்களிலேயே ஜூனின்ஹோ பிரேசில் திரும்பிவிட்டார். பால்மெய்ராஸ், ஃபிளமெங்கோ, பிறகு ஒரு பருவம் ஆஸ்திரேலியாவின் சிட்னி எஃப்.சி. என்று சுற்றி, தொடங்கிய இட்டுவானோவிலேயே ஆடி முடித்தார். அந்தக் கிளப்பின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். 2014இல், சாவ் பாவ்லோ மாநில சாம்பியன் போட்டியின் இறுதியில், அந்தச் சிறிய ஊர்க் கிளப் சாண்டோஸ் அணியைப் பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது.