இரண்டு வரிக் கடிதம்

வணக்கம் நேயர்களே. டொராண்டோ ஸ்கார்பரோவிலிருந்து பேசுகிறேன். கோயம்புத்தூரில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள் நான். நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக, திறன்சார் தொழிலாளராக விண்ணப்பிக்கிறவர்கள் ஆவணங்களை எப்படித் தயார் செய்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியல் கனடா அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் கையில் இருந்தும் என் முதல் விண்ணப்பம் ஏன் தோற்றது என்று சொல்கிறேன்.

2018-இல் விண்ணப்பிக்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாவற்றையும் பதிவேற்ற வேண்டும். பட்டச் சான்று, மொழித் தேர்வு, பாஸ்போர்ட், வங்கிக் கடிதம் எல்லாம் தயார். வேலை அனுபவத்துக்கு நான் வைத்திருந்தது, வேலையை விட்ட அன்று நிறுவனம் கொடுத்த கடிதம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களிடம் பணியாற்றினார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். இரண்டே வரி. நம் ஊரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தக் கடிதம் செல்லும். அந்த நம்பிக்கையில் அதையே அனுப்பினேன். அடுத்த வருடம் நிராகரிப்பு வந்தது. நான் சொன்ன வேலையைத்தான் செய்தேன் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தபோது அது நியாயமாகத்தான் பட்டது. ஒட்டாவாவிலோ வேறு எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. பீளமேடு எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. காகிதம் சொல்வது மட்டும்தான் அவருக்குத் தெரியும். என் காகிதமோ ஒன்றுமே சொல்லவில்லை. இடையில் எனக்கு 30 வயது முடிந்தது. 29 வரைதான் வயதுக்கு முழுப் புள்ளி. 30 ஆனதும் 5 புள்ளி போய்விடும், அப்புறம் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறைந்துகொண்டே வரும். அந்த 5 புள்ளிக்காக நான் அழுதிருக்கிறேன்.

அவர்கள் கேட்கும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் வேண்டும். நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவியும், அதில் இருந்த காலமும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பதும், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும். கனடாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. அரசின் இணையதளத்தில் அந்த எண்ணின் கீழ் அந்தத் தொழிலின் முக்கியப் பணிகள் எழுதப்பட்டிருக்கும். அவற்றில் கணிசமானவற்றை நீங்கள் செய்தீர்களா என்றுதான் அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பார். பதவியின் பெயரை நம்பி எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம் கம்பெனிகளில் ‘மேனேஜர்’ என்ற பட்டத்தோடு ஒருவர்கூடத் தன் கீழ் இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர்.

சிலர் அந்த இணையதளத்தில் உள்ள வரிகளை அப்படியே எடுத்துக் கடிதத்தில் ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதே வரிகளை அந்த அதிகாரி நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறவர். உங்கள் வேலையை உங்கள் வார்த்தையில் எழுதிக் கொடுங்கள்.

சரி, நிறுவனம் அப்படிக் கடிதம் தர மாட்டேன் என்றால்? என் பழைய நிறுவனம் அப்படித்தான் சொன்னது. ‘எங்க ஃபார்மட் இதுதான்’ என்று எச்.ஆரில் முடித்துவிட்டார்கள். அப்போது என் பழைய மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். அவர் எனக்காக இரண்டு பக்கம் எழுதி, நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரமாகக் கையெழுத்திட்டுத் தந்தார். கையெழுத்திடும் முன் தொலைபேசியில் முழுக்கப் படித்துக் காட்டினார். ‘வார்ப்புல காத்துக்குமிழி இருக்குன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லோடையே நிறுத்துனியேம்மா, அதையும் எழுதிரட்டுமா?’ என்று கேட்டார். எழுதுங்க சார் என்றேன். அதோடு நிறுவனத்தின் பழைய இரண்டு வரிக் கடிதம், நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், நிறுவனம் தந்த வருமான வரிச் சான்றான படிவம் 16, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் சேர்த்தேன். முறையான கடிதம் ஏன் கிடைக்கவில்லை, யாரிடம் எப்போது கேட்டேன், என்ன பதில் வந்தது என்று ஒரு விளக்கக் கடிதமும் வைத்தேன். கேட்டதற்கு மின்னஞ்சல் ஆதாரம் இருந்தது. இரண்டாவது முறை விண்ணப்பம் தேறியது.

அடுத்தது பெயர். இது தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஆதாரில் கணவர் பெயர். நமக்கு நால்வரும் ஒருவரே. வெளிநாட்டு அதிகாரிக்கு நான்கு பேர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தில் போடுங்கள். மற்ற சான்றுகளில் உள்ள பெயர்களை, வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

பணத்துக்கான ஆதாரம் இன்னொரு இடம். நம் வீடுகளில் சேமிப்பு என்றால் நகை, நிலம், சீட்டு, அப்பா பெயரில் ஒரு டெபாசிட். விண்ணப்பத்தில் நகையும் நிலமும் கணக்கில் வராது. கடன் வாங்கிய பணமும் கூடாது. உங்கள் பெயரில், எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். தேவையான தொகை குடும்பத்தின் அளவைப் பொறுத்தது, வருடா வருடம் மாறும். உங்களோடு வராத மனைவி, குழந்தைகளும் அந்தக் கணக்கில் உண்டு. வங்கி தரும் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இப்போதைய இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி இருப்பு, கடன் பாக்கி எல்லாம் வேண்டும். கிளையில் கேட்டால் இருப்பை மட்டும் போட்டு ஒரு சீட்டு கொடுப்பார்கள். மாதிரி ஒன்றை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். நிலம் விற்ற பணம் திடீரென்று கணக்கில் வந்திருந்தால் கிரயப் பத்திரத்தையும் சேர்க்க வேண்டும். அது தமிழில் இருக்கும். தமிழில் உள்ள எதுவானாலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரத்தோடும் மூலத்தின் சான்றிட்ட நகலோடும் கொடுக்க வேண்டும். நீங்களோ உங்கள் உறவினரோ மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள், அவர் ஆங்கிலப் பேராசிரியராகவே இருந்தாலும்.

மற்றவை நாள் சம்பந்தப்பட்டவை. மொழித் தேர்வு முடிவு 2 வருடம் செல்லும், நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் கல்வி மதிப்பீடு 5 வருடம். அந்த மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், போக வேண்டும், அதற்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்கள் அதை இப்போதே தொடங்குங்கள். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பிக்கும் முன்பே முடிக்க வேண்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்.

அனுபவச் சான்று ‘செய்து’ தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி 5 வருடம் உள்ளே நுழைய முடியாது. அந்தத் தடை பணம் வாங்கிய ஏஜென்டுக்கு இல்லை, உங்கள் பெயரில்தான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது இப்போது நோட்டீஸ் காலத்தில் இருந்தால், கடைசி நாளுக்கு முன் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். கம்பெனி மின்னஞ்சல் மூடும் முன் சம்பளச் சீட்டுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரின் சொந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.