ஆள் மாறினாலும் குழு அதே குழுதான்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, மழையையும் பாராமல் ஹட்டனுக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

"இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ட்ரம்ஸ் அடிக்கும் இயன் பைஸ் மட்டும்தான் மிச்சம். கிட்டார் ரிச்சி பிளாக்மோர் போனதோடு குழுவும் போய்விட்டது, இப்போது இருப்பது வெறும் பெயர்" என்று எனக்கு முன்னால் பேசிய தம்பி சொன்னார். சரி, வெறும் பெயர் என்றால் என்ன என்பதை 1980-லேயே பார்த்தாயிற்று. குழுவின் முதல் பாடகர் ராட் எவன்ஸ், சம்பந்தமே இல்லாத வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் மேடை ஏறினார். தொடக்கத்தில் இருந்தவர்தான், பெயரும் அதே பெயர்தான். சனம் ஏற்கவில்லை. வழக்கு நடந்து, நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பானது. அப்போ, ஒரு குழுவை அதே குழுவாக வைத்திருப்பது எது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரதி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு வாருங்கள். மாசிப் பனியில் தப்பு மேளத்தின் தோல் தொய்ந்துவிடும். தீ மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரல் நுனியால் தட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கூடினால் தோல் வெடிக்கும், குறைந்தால் சத்தம் அமுங்கும். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. பெரியப்பா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துத்தான் நான் பழகினேன். பெரியப்பா இன்று இல்லை. போன மாசியில் தப்பு என் கையில் இருந்தது, பக்கத்தில் அண்ணன் மகன் குந்தியிருந்தான். இது வேறு கூத்து என்று லயத்து வீடுகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

டீப் பர்ப்பிளும் அப்படித்தான் ஆள் மாற்றியது. 1969-ல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் ரோஜர் குளோவரும் வந்தபோது பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பைஸ் மூவரும் இருந்தார்கள். 1973-ல் அந்த இருவர் போய் டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்தபோதும் அதே மூவர் இருந்தார்கள். 2002-ல் லார்ட் விட்டுப்போன ஆர்கனில் டான் ஏரி உட்கார்ந்தபோது கில்லனும் குளோவரும் பைஸும் கூட நின்றார்கள். ஒருதரம்கூட எல்லோரும் ஒன்றாக இறங்கிப் போனதில்லை. 1976-ல் குழு உடைந்ததே என்பீர்கள். உடைந்தது உண்மை, ரசிகனாக எனக்கும் அது வலிக்கிற கதைதான். ஆனால் 1984-ல் திரும்பக் கூடியபோது வந்தவர்கள் யார்? 1969-ல் சேர்ந்திருந்த அந்த ஐந்து பேரும்தான்!

சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரூவில் 1971 டிசம்பரில் கசினோ எரிந்து, ஏரிமேல் புகை படர்ந்ததைப் பார்த்து இந்தக் குழு எழுதிய பாட்டு 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. இன்று அதை மேடையில் கிட்டாரில் தொடங்குபவர் சைமன் மெக்பிரைட், 1979-ல் பிறந்தவர். பாட்டு அவருக்கு மூத்தது. ஆனாலும் பின்னால் ட்ரம்ஸில் இருப்பவர் அந்தப் புகையைக் கண்ணால் பார்த்த பைஸ்.

கடைசியாகத் தம்பிக்கு ஒரு கேள்வி. பிளாக்மோர் அந்தக் குழுவில் இருந்த காலம், இரண்டு தடவையும் கூட்டினால், 17 வருஷத்தைத் தாண்டாது. அவருக்குப் பிறகு வந்த ஸ்டீவ் மோர்ஸ் 1994 முதல் 2022 வரை, 28 வருஷம் வாசித்தார். அந்த 28 வருஷமும் மேடையில் வாசித்தது எந்தக் குழு? அதை இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள் தம்பி.