கார்டு பாயின்ட்டில் அப்பா அம்மாவை சிங்கப்பூர் கூட்டிப் போகலாமா? திருப்பூர் தம்பியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். திருப்பூரில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய் ஆகிறது. அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள், அப்பா அம்மாவை ஒரு தடவையாவது அங்கே கூட்டிப் போகணும். கிரெடிட் கார்டு பாயின்ட்டை ஏர்லைன் மைலாக மாற்றினால் டிக்கெட் இலவசம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். நிஜமா? நிஜம் என்றால் எத்தனை கார்டு வாங்க வேண்டும்?"

நிஜம்தான் தம்பி. மைல் என்பது விமான நிறுவனம் தருகிற புள்ளி, போதுமான அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் செலவுக்கு அந்தக் கணக்கு கட்டாது. ஏன் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.

40,000 செலவு என்கிறீர்கள். அதில் கார்டில் போகக்கூடியது எவ்வளவு? வீட்டு வாடகை கார்டில் போகாது. முன்பு ஆப் வழியாகக் கட்டிப் பாயின்ட் சேர்த்தார்கள், 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதியைக் கொண்டுவந்ததும் பெரிய ஆப்கள் எல்லாம் அதை நிறுத்திவிட்டன. பால்காரர், உழவர் சந்தைக் காய்கறி, மாதச் சீட்டு, கல்யாண மொய் எதுவும் கார்டில் வராது. பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயின்ட் கிடையாது, சர்சார்ஜ் என்கிற கூடுதல் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வார்கள். நகைக்கடை, இன்சூரன்ஸ், அரசுக் கட்டணம் இவற்றுக்கும் நிறைய வங்கிகள் பாயின்ட்டைக் குறைத்திருக்கிறார்கள் அல்லது உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எல்லாம் கழித்தால் மாதம் 25,000 தேறினால் பெரிது. வருடத்துக்கு 3 லட்சம்.

100 ரூபாய்க்கு 2 மைல் தருகிற கார்டு என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 6,000 மைல். வருடக் கட்டணம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற பெரிய கார்டு எடுத்து, 100 ரூபாய்க்கு 4 மைல் கிடைத்தாலும் 12,000தான். சிங்கப்பூருக்கு ஒரு வழிக்கு ஒரு ஆளுக்கு 20,000 மைல் என்று தோராயமாகப் போட்டால், நீங்கள் மூன்று பேர், போய் வர 1,20,000 மைல். அதாவது பத்து வருடம் சேர்க்க வேண்டும், அப்பாவுக்கு அப்போது என்ன வயது என்று யோசியுங்கள். அதிலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் சேர்க்கிற மைலுக்கு ஆயுளே மூன்று வருடம்தான். மூன்று வருடத்தில் 36,000 சேரும், ஒரு ஆள் போய் வரக்கூட முழுசாக வராது, அதற்குள் முதலில் சேர்த்தது காலாவதியாக ஆரம்பித்துவிடும்.

அப்புறம் எப்படி அந்த வீடியோக்காரர்கள் போகிறார்கள் என்று கேட்பீர்கள். பாதிப்பேர் அமெரிக்காக் கதையைத் தமிழில் சொல்கிறார்கள். அங்கே ஒரு கார்டு வாங்கி, முதல் மூன்று மாதத்தில் சொன்ன தொகையைச் செலவு செய்தால் வரவேற்புப் பரிசாகவே 60,000 பாயின்ட் அளவுக்குக் கிடைப்பது சகஜம், அதனால் வருடத்துக்கு இரண்டு கார்டு மாற்றி மாற்றி வாங்குவதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வங்கிகள் அந்த அளவுக்குத் தருவதில்லை. மீதிப்பேர் சொந்தத் தொழில் செய்கிறவர்கள், மாதம் பல லட்சம் கார்டில் போகும், கூரியர் பில், ஹோட்டல், டிக்கெட் எல்லாம் அதிலேயே. கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதி செய்கிறவர்கள் வருடா வருடம் ஜனவரியில் பிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிறார்களே, அந்த மாதிரிச் செலவு இருக்கிறவருக்குக் கார்டு பாயின்ட் நிஜமாகவே ஒரு பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். உங்கள் முதலாளி இதில் வருவார். நீங்கள் வரமாட்டீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பாயின்ட் எங்கே இருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் கார்டே வாங்கக் கூடாது. நீங்கள் கடையில் தேய்த்தால் கடைக்காரருக்கு முழுத் தொகை போகாது, நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் போகும். அதில் ஒரு பங்கு உங்களுக்குப் பாயின்டாகத் திரும்பி வருகிறது. இது ஒரு வழி. இன்னொரு வழி, பில்லை முழுசாகக் கட்டாமல் 'மினிமம் டியூ' என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்கள் கொடுக்கிற வட்டி. பெரும்பாலான கார்டில் அது மாதம் மூன்றரையில் இருந்து மூன்றே முக்கால் சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நம் பக்கம் பேசுகிற பாஷையில் சொன்னால் நாலரை வட்டிக்குப் பக்கம் வரும். ஊரில் ஒருத்தர் மூன்று வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றாலே "வேண்டாமுங்க, தோட்டத்தை வித்துக்கூடச் சமாளிக்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுவோம். அதே ஆள் பளபளப்பான கார்டில் நாலரை வட்டி கட்டிக்கொண்டு, ஏர்போர்ட் லவுஞ்சில் இட்லி இலவசம் என்று போட்டோ போடுகிறார். (அந்த லவுஞ்சும் இப்போது நிறைய கார்டில், முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் திறக்கும்.)

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பில் 30,000, நீங்கள் 28,000 கட்டிவிட்டீர்கள், மீதி 2,000க்கு மட்டும்தானே வட்டி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லீங்க. வாங்கின நாளில் இருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும், அது மட்டுமில்லாமல் அதற்கப்புறம் புதிதாகத் தேய்ப்பதற்கும் வழக்கமாகக் கிடைக்கிற வட்டியில்லாத நாற்பத்துச் சொச்சம் நாள் கிடைக்காது, பழைய பாக்கியை முழுசாகத் தீர்க்கிற வரைக்கும். ஒரு மாதம் இப்படி விட்டால் வருடம் முழுக்கச் சேர்த்த பாயின்ட்டில் ஒரு நல்ல பங்கு போய்விடும். அதனால் பில் கட்ட வேண்டிய தேதியில் முழுத் தொகையும் தானாக வங்கிக் கணக்கில் இருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்கள். 'மினிமம்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் வைக்காதீர்கள், 'முழுத் தொகை'யில் வையுங்கள். கார்டில் ஏடிஎம் பணம் எடுக்கவே கூடாது, அதற்கு முதல் நாளில் இருந்தே வட்டி, கட்டணம் வேறு.

சரி, உங்களுக்கு என்னதான் வழி? ஒரே ஒரு கேஷ்பேக் கார்டு போதும். வருடக் கட்டணம் இல்லாதது அல்லது இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்று இருப்பது. உங்கள் 3 லட்சத்துக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 4,500 ரூபாய் கையில் வரும், ஆன்லைனில் வாங்குவதற்கு அதிகம் தருகிற கார்டாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சின்னத் தொகைதான். ஆனால் அது ரூபாய், மைல் மாதிரி ஒரு நாள் காலையில் அதன் மதிப்பைப் பாதியாக்கி யாரும் மின்னஞ்சல் அனுப்ப முடியாது. இரண்டாவதாக வேண்டுமென்றால் ஒரு ரூபே கிரெடிட் கார்டு வாங்கி யுபிஐயில் இணைத்துக்கொள்ளுங்கள், மளிகைக் கடையில் ஸ்கேன் செய்வதும் கார்டுக் கணக்கில் சேரும். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், நாலைந்து இடத்தில் ஒரே சமயத்தில் போட்டால் ஸ்கோர் இறங்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது இடிக்கும். ஏற்கனவே யாரோ தலையில் கட்டிய கார்டு இருந்தால், பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லி எழுதுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.

நீங்கள் மெர்ச்சண்டைசர் என்பதால் ஒன்று கேட்கிறேன். கம்பெனி வேலையாக டெல்லி, மும்பை போவீர்கள்தானே? டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது கம்பெனியாக இருந்தாலும் மைல் சேர்வது பறக்கிறவர் பெயரில். ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், இண்டிகோவின் ப்ளூசிப் என்று அவர்களுடைய புள்ளித் திட்டங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் உறுப்பினர் ஆவது இலவசம். அந்த எண்ணை டிக்கெட் போடுகிற டிராவல்ஸ்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மறந்துவிட்டாலும் போய் வந்தபின் கேட்டு வாங்கலாம், அதற்காகப் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். ஏர் இந்தியா 2014இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் அதே கூட்டணிதான், அதனால் முதலாளியோடு ஜெர்மனி போனாலும் அந்த மைலை ஒரே கணக்கில் போடலாம். மலிவு டிக்கெட் வகை சிலவற்றுக்கு மைல் குறைவாக வரும், சிலவற்றுக்கு வரவே வராது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டில் பத்து வருடம் தேய்ப்பதைவிட இதில் வேகமாகச் சேரும், நயா பைசா செலவில்லை.

அப்படி எப்போதாவது மைல் சேர்ந்துவிட்டால், செலவழிக்கும் முன் கணக்குப் போடுங்கள். மைலில் எடுக்கிற டிக்கெட்டுக்கும் வரி, ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் ரூபாயில் கட்டியாக வேண்டும். காசு கொடுத்தால் 24,000 ஆகிற டிக்கெட், மைலில் எடுத்தால் 40,000 மைலும் 6,000 ரூபாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 18,000, ஒரு மைலுக்கு 45 பைசா. அதே மைலைத் தூரப் பயணத்துக்கு, பிசினஸ் கிளாஸுக்குப் போட்டால் ஒரு ரூபாய்க்கு மேலேகூட மதிப்பு வரும். ஆனால் நமக்கு வேண்டியது எது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வங்கிப் பாயின்ட்டை ஏர்லைனுக்கு மாற்றினால் திரும்ப வராது, ஆகவே சீட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். மே மாத லீவு, தீபாவளி, பொங்கல் நோம்பி சமயத்தில் குறைந்த மைலில் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் உங்கள் மைலில் டிக்கெட் எடுக்க ஐந்து பேரை நியமித்துக்கொள்ளலாம், அப்பா அம்மா பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் போடுங்கள். இன்னொன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கோயம்புத்தூருக்கு வருவதில்லை. கொச்சி, சென்னை, பெங்களூர் போக வேண்டும். திருப்பூர்க்காரருக்குக் கொச்சி வசதி, ரயில் ஏறினால் அங்கமாலியில் இறங்கி ஆட்டோ பிடித்து நெடும்பாசேரி போய்விடலாம்.

முன்பு ஒருத்தர் கேட்டிருந்தார், நண்பர் கடை மெஷினில் தேய்த்து, அவர் இரண்டு சதவீதம் பிடித்துக்கொண்டு காசைத் திருப்பித் தருகிறார், அதில் பாயின்ட் சேர்க்கலாமா என்று. வேண்டாம். பாயின்ட்டின் மதிப்பே அந்த இரண்டு சதவீதம்தான், உழைப்புக்கு என்ன மிச்சம்? வங்கி கண்டுபிடித்தால் பாயின்ட்டை எல்லாம் பறித்துக் கார்டையும் முடக்கும். அதோடு, வருடத்துக்குக் கார்டு பில்லாக 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், ரொக்கமாக என்றால் 1 லட்சம் கட்டினாலே, வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் சம்பளத்துக்கும் அதற்கும் பொருந்தவில்லை என்றால் நோட்டீஸ் வரும். சித்தப்பா பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன், மச்சானுக்குத் தேய்த்தேன் என்றெல்லாம் ஆடிட்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது ஸ்கூட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மலிவு விமானம், நம் கோயம்புத்தூர் பீளமேடு ஏர்போர்ட்டில் இருந்தே நேராகப் போகிறது, திருச்சியில் இருந்தும் இருக்கிறது. ஆஃபர் போடுகிறபோது பள்ளி லீவு இல்லாத மாதமாகப் பார்த்து மூன்று மாதம் முன்பே எடுத்தால், கார்டுக்கும் மைலுக்கும் படுகிற பாட்டைவிட மிச்சம் அதிகம். கேஷ்பேக்கையும் வங்கியில் மாதம் 2,000 போடுகிற ஆர்டி (தொடர் வைப்பு) பணத்தையும் சேர்த்து வைத்தால் ஒரு வருடத்தில் டிக்கெட்டில் பெரும்பங்கு தேறிவிடும். அங்கே போய்க் கார்டு தேய்ப்பதாக இருந்தால் அயல்நாட்டுக் கட்டணம் பார்த்துக்கொள்ளுங்கள், சாதாரணக் கார்டில் மூன்றரை சதவீதம், மேலே ஜிஎஸ்டி. மெஷினில் ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்டால் டாலரை அழுத்துங்கள், ரூபாய் என்றால் அந்தக் கடை போடுகிற மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் போகும்.

ஸ்கூட்டில் சாப்பாடு, பெட்டி, சீட் தேர்வு எல்லாம் தனிக் காசு. பெட்டிக்கான கிலோவை டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏர்போர்ட்டில் போய் வாங்கினால் விலை எகிறும். அம்மா பொண்ணு வீட்டுக்குப் போகிறார், பருப்புப் பொடியும் முறுக்கும் தேங்காய் எண்ணெயுமாக எப்படியும் கட்டுவார், ஆளுக்கு 20 கிலோவாவது போடுங்கள்.