ரீ-ரன் விட்டால் பச்சையாகும் டெஸ்ட்: எத்தனை தடவை ஓட்டினால் குட்டு உடையும்?

[திரை: டெர்மினல். ஒரு டெஸ்ட் சிவப்பு. மறுபடி ஓட்டியதும் பச்சை.]

வணக்கம். நாம் எழுதிய கோடு சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் சின்ன நிரல்தான் டெஸ்ட். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. முதலில் ஃபெயில், அடுத்த தடவை பாஸ். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறவரானாலும் சரி, தர்மபுரியில் வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவரானாலும் சரி, சாஃப்ட்வேர் எழுதுகிற யாருக்கும் இது பழகிப்போன கதை. "ஒரு ரீ-ரன் விடுங்க, சரியாயிடும்" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். சரியாகவும் ஆகிவிடும். கோடை மெயின் கோடோடு சேர்த்து (மெர்ஜ்) விட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

இதற்குப் பெயர் ஃப்ளேக்கி டெஸ்ட். கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்கில், அவர்களுடைய டெஸ்டுகளில் சுமார் 16% இப்படி ஏதோ ஓர் அளவுக்கு ஆட்டம் காட்டியவை. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய சம்பவங்களில் 84% ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டவை. அங்கேயே இந்த நிலைமை.

[திரை: தொப்பூர் கணவாய், மேடேறும் லாரிகள்]

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் மட்டும் திக்குகிற வண்டியை ஷெட்டில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது.

சரி, டெஸ்டை எத்தனை தடவை ஓட்டுவது? நூற்றில் ஒரு தடவை ஃபெயில் ஆகிற டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். 10 தடவை ஓட்டினால், பத்தும் பச்சையாக வர 90% வாய்ப்பு. 100 தடவை ஓட்டினாலும், கோளாறு கண்ணில் படாமல் போக 37% வாய்ப்பு உண்டு. 300 தடவை ஓட்டினால்தான் அது 5% அளவுக்கு இறங்கும். மனக்கணக்குக்கு ஒரு சுருக்குவழி: 3ஐ ஃபெயில் விகிதத்தால் வகுத்துவிடுங்கள். நூற்றில் ஒன்று என்றால் 300, இருபதில் ஒன்று என்றால் 60. "அஞ்சு தடவை ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

[திரை: கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி. எடைமேடையில் லோடு.]

எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால், போதாது. மாங்காய் மண்டிக்கு ஒரு பில்லிங் ஆப் எழுதுகிறோம் என்று வையுங்கள். எடைச் சீட்டு போட்டதும் பில் வர வேண்டும். டெஸ்டில் "2 செகண்ட் காத்திரு, பில் இருக்கிறதா பார்" என்று எழுதியிருக்கிறோம். நம் லேப்டாப்பில் ஆயிரம் தடவை ஓட்டினாலும் பாஸ்தான். பத்து வேலை ஒன்றாக ஓடுகிற சர்வரில் பில் வர மூன்று செகண்ட் ஆனால் ஃபெயில். இதைப் பிடிக்க, மெஷினுக்கு வேண்டுமென்றே வேலைப்பளு கொடுத்து ஓட்ட வேண்டும். சரிசெய்வது எளிது: குறிப்பிட்ட நேரம் காத்திருக்காமல், பில் வரும்வரை காத்திருந்து, அதற்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள். 2ஐ 5 ஆக்குவது வைத்தியமே இல்லை.

இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. "இன்று வந்த லோடு" என்று ஒரு டெஸ்ட். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் தேதி எடுக்கிறது, டெஸ்ட் இந்திய நேரத்தில். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஆக, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். பகலில் லட்சம் தடவை ஓட்டினாலும் இது சிக்காது. கடிகாரத்தை அதிகாலை 2 மணிக்கு மாற்றிவைத்து ஒரே ஒரு தடவை ஓட்டினால் சிக்கிவிடும்.

கவனியுங்கள், இங்கே தப்பு டெஸ்டில் இல்லை. சீசனில் ராத்திரி இறங்குகிற லோடு நிஜமாகவே நேற்றைய கணக்கில் ஏறும். விவசாயி காலையில் சீட்டோடு வந்து நிற்கும்போது, "அது ஃப்ளேக்கிங்க" என்றா சொல்ல முடியும்?

[திரை: மூன்று கட்டம். சிவப்பு, சிவப்பு, பச்சை.]

அதனால்தான் ஃபெயில் ஆனால் தானாக மூன்று தடவை முயற்சி செய்யும் ரீட்ரை வசதியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். நூற்றுக்கு முப்பது தடவை சறுக்குகிற கோளாறுகூட, மூன்றில் ஒன்று பாஸ் ஆனால் போதும் என்று விட்டால், நூறில் 97 தடவை பச்சையாகிவிடும். திரும்ப ஓட்டுவது நோயை அளக்கத்தான், மறைக்க இல்லை. ரீட்ரை வைத்தே ஆகவேண்டும் என்றால், எந்த டெஸ்ட் எத்தனாவது முயற்சியில் பாஸ் ஆனது என்று எழுதி வையுங்கள். பிளேரைட் என்ற டெஸ்ட் கருவி, இப்படி ரீட்ரையில் பாஸ் ஆனதை ஃப்ளேக்கி என்று தனியாகவே காட்டும்.

திரும்பத் திரும்ப ஓட்டக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பைத்தானில் பைடெஸ்ட்-ரிப்பீட், ஜாவாவின் ஜேயூனிட் 5இல் ரிப்பீட்டட்-டெஸ்ட், பேசல் என்ற பில்ட் கருவியில் ரன்ஸ்-பெர்-டெஸ்ட். கோ மொழிக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு பேக்கேஜ் பெயரைக் கொடுத்து லூப் போட்டு ஓட்டினால், முதலில் பாஸ் ஆன முடிவையே கேஷிலிருந்து (சேமித்து வைத்த இடத்திலிருந்து) எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். டெஸ்ட் ஓடியிருக்கவே ஓடியிருக்காது. கட்டளையில் -count என்ற கொடியைக் கொடுத்தால்தான் நிஜமாக ஓடும். கூடவே -shuffle போட்டு டெஸ்டுகளின் வரிசையைக் குலுக்குங்கள். அது காட்டும் சீட் (seed) எண்ணைக் குறித்துவைத்தால் அதே வரிசையைத் திரும்ப வரவழைக்கலாம். முந்தைய டெஸ்ட் விட்டுப்போன டேட்டாவில் காலம் தள்ளுகிறவை அப்போது மாட்டும்.

சரிசெய்த பிறகும் இதே கணக்குதான். முன்பு 200இல் 4 ஃபெயில் என்றால் அது 2%. 3ஐ அதால் வகுத்தால் 150. அதே வேலைப்பளு, அதே நேரம் வைத்து, குறைந்தது 150 தடவை ஒரு சிவப்பும் இல்லாமல் ஓடினால் அந்தக் கோளாறுக்கான டிக்கெட்டை மூடுங்கள்.